கால் நீட்ட மறுத்த பயணி

புதிதாக வந்திருக்கும் மூன்று தங்கைகளுக்கு,

வண்டிச் சாவி இனி உங்களில் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் திங்கட்கிழமை மேல்படிப்புக்காக மதுரைக்குப் போகிறேன். இந்த மருந்தகத்தின் மூன்று சக்கர வண்டியை ஐந்து வருடம் கரிசல் காட்டில் ஓட்டியவள் என்ற முறையில் எனக்கு இன்றோடு ஓய்வு. வயது இருபத்தெட்டு. இந்த வயதில் ஓய்வு பெற்று, இளையவர்களுக்கு அனுபவம் எழுத உட்கார்ந்தவளைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒரு மழைக்காலம் இந்த வண்டியில் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள்.

எப்படி உதைத்துக் கிளப்புவது, எங்கே எண்ணெய் விடுவது என்பதையெல்லாம் விருதுநகர் மெக்கானிக் சொல்லித் தருவார். உங்களை நம்பாமல் இரண்டு முறை சொல்லுவார். வண்டிப்பாதையில் மாட்டுவண்டிச் சக்கரங்கள் போட்ட இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் உள்ள மேட்டில் நம் முன்சக்கரம் ஓடும். அது நழுவினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்களே ஒருமுறை சாய்ந்து கற்றுக்கொள்வீர்கள். நான் எழுதப்போவது பெட்டியில் ஏற்றப்பட்டவரைப் பற்றி. ஏறும்போது இருந்த உயிரோடு அவர் இறங்க வேண்டும். வேறு லட்சியம் எதுவும் இந்த வண்டிக்குக் கிடையாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலை பார்த்துவிட்டுப் பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். எனக்கு நர்ஸ் சான்றிதழ் வந்ததும் அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காலண்டர் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். முருகனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். என் சான்றிதழை மாற்றவில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவளுக்கு வெள்ளைச் சேலை கட்டியதும் தலை கொஞ்சம் நிமிரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்தது.

வண்டி நமக்கு வருவதற்கு முன் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அடித்தது. பெட்டியின் முன்னாலும் பின்னாலும் ‘தீப்பிடிக்கும் சரக்கு, நெருங்காதே’ என்று சிவப்பு எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அழித்துவிட்டு மருந்தகத்தின் பெயரை எழுதப் பெயிண்டர் ஒத்துக்கொண்டார், ‘சீசன் முடியட்டும்’ என்றார். ஐந்து சீசன் முடிந்துவிட்டது. இதுவரை அந்த எழுத்தால் நமக்கு நன்மைதான். பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

முதலில் இதை ஓட்ட ஒரு டிரைவர் இருந்தார். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகும் முன் மூன்று நாள் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள், “பட்டாசு லோடு பேசாதும்மா. ஆள் லோடுதான் வாயை மூடாது. அதுதான் தொல்லை” என்றார். அது தவறு என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது.

என்னுடைய முதல் பயணி நிலபுலன் உள்ள வசதியான ஒரு சம்சாரி. கருவேல முள் ஏறிக் கால் வீங்கியிருந்தது. பெட்டிக்குள் எனக்குப் பின்னால் உட்காருங்கள் என்றேன். ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போவதா என்று நினைத்தார் போலிருக்கிறது. அதைச் சொல்லாமல், “காத்தாட இருக்கட்டும் நர்சம்மா” என்று பின்பலகையைக் கீழே இறக்கி, அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பயணியே பெரிய மனுஷராக இருக்கும்போது எங்கே உட்கார வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன். முள் குத்தினால் ஏன் ஜன்னி வருகிறது, ஊசி எதற்கு, கொதிக்க வைத்த தண்ணீர் எதற்கு என்று தெளிவாக, படிப்படியாக. அவரும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். இந்தப் பக்கத்தில் இப்படிப் பொறுமையாகக் கேட்கிறவரைப் பார்த்ததில்லையே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடி வந்து, “நர்சம்மா, யாருகிட்டப் பேசிக்கிட்டுப் போறீக? ஒங்க ஆளு ஓடைக்கரையில அங்கன நிக்காரு!” என்றாள்.

ஓடைக்கரை மேட்டில் ஏறும்போதே அவர் வழுக்கி விழுந்திருக்கிறார். நான் இரண்டு பர்லாங் தூரம் வெறும் பெட்டிக்குச் சுகாதாரம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பிப் போனபோது அவர் எழுந்து நின்று, வேட்டியெல்லாம் மண்ணோடு, பக்கத்துப் பருத்திச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பருத்தி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு எறங்குனேன்” என்றார்.

“நானும் நீங்க பாத்துட்டு வரட்டும்னுதான் மெதுவாப் போனேன்” என்றேன்.

இருவருடைய மானமும் தப்பியது. அவர் கால் வீக்கம் மட்டும் இரண்டு கால்களிலுமாக ஆனது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பயணியைப் பேசவிட்டு நான் கேட்டுக்கொண்டு வருவது. பதில் வராவிட்டால் நிறுத்திப் பார்ப்பது. உங்களில் ஒருத்திக்காவது பாடம் நடத்துகிற ஆசை இருக்கும். அதை வண்டியை விட்டு இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாரித்தாயைப் பற்றி.

அது மழைக்காலம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மல்லாங்கிணறுக்குக் கிழக்கே, தார் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து காலையில் ஒருவர் சைக்கிளில் வந்தார். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை என்றார். நான் போனபோது பெண் குழந்தை நன்றாக அழுதுகொண்டிருந்தது. தாய்தான் அழவில்லை. மாரித்தாய்க்கு இருபது வயது இருக்கும். சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தாள். புருஷன் சீசனுக்காகச் சிவகாசியில் கம்பெனியிலேயே தங்கிவிட்டான். வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் மட்டும்.

ஊசி போட்டேன். அடிவயிற்றில் கைவைத்துப் பிசைந்து கர்ப்பப்பையைக் கெட்டிப்படுத்தினேன். ரத்தம் குறைந்தது. கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி தளர்ந்தது. அவளை விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். போய்ச் சேரும்வரை அவள் தலை தாழ்ந்து, கால் உயர்ந்து இருக்க வேண்டும். உடம்பில் மிச்சம் இருக்கும் ரத்தம் தலைக்கும் நெஞ்சுக்கும் போக வேறு வழி இல்லை.

நம் பெட்டியின் முன்பக்கம், ஓட்டுகிறவள் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு முழ உயரத்துக்கு ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அது இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. தலையைப் பின்பக்கம் வைத்துப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் தூக்கி அந்தத் தட்டில் தலையணைமேல் வைத்தேன். நாத்தனாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு மாமியாரும் ஏறினார். ஐம்பது வயதுக்காரி, ஒல்லி, வாய் ஓயாத மனுஷி. எங்கே உட்காருவார்? பெட்டியில் தூக்கிப்போடாத இடம் முன்பக்கம்தான். பெரியவர்களுக்கு அந்த இடம் என்று யாரும் சொல்லாமலே இந்த ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் உட்கார்ந்தார். மருமகளின் பாதங்கள் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

மழை விட்டிருந்தது, பாதை விடவில்லை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, முன்சக்கரம் மட்கார்டுக்குள் இறுகிப்போகும். ஒரு பர்லாங்குக்கு ஒருமுறை இறங்கிக் குச்சியால் குடைந்து எடுக்க வேண்டும். முதல்முறை இறங்கியபோது பார்த்தேன். மாரித்தாயின் கால்கள் தட்டில் இல்லை. முழங்காலை மடக்கி ஒருபக்கமாகச் சுருட்டிப் படுத்திருந்தாள். மறுபடி தூக்கி வைத்தேன். மறுமுறை இறங்கியபோதும் மடக்கியிருந்தாள். விரித்திருந்த துணி நனைந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமியார் முகத்துக்கு நேரே எந்த மருமகள் கால் நீட்டுவாள்? இந்தப் பழக்கவழக்கத்தால் ஓர் உயிர் போகப்போகிறது என்று எனக்குக் கோபம் பொங்கியது. படித்தவளின் கோபம், அதற்கு ஒரு தனிச் சுகம் உண்டு.

“நீங்க எறங்குங்க” என்றேன் மாமியாரிடம்.

“நானா? நான் ஒண்ணுஞ் சொல்லலையே தாயி.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க எதிர்ல உட்கார்ந்திருக்கிறதே போதும்.”

“பச்ச ஒடம்புக்காரிய ஒத்தையில விட்டுட்டு நான் எங்கன போக?”

“நடந்து வாங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வண்டி உங்களுது. எறங்குதேன்” என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் குதித்தார். பாதையில் நடக்காமல், சோளக்காட்டுக்குள் புகுந்து போனார்.

நான் சொன்ன பதிலை அடுத்த பர்லாங் முழுவதும் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஓட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பாய் என்றேன். பதில் வந்தது, ஆனால் பஞ்சு மாதிரி இருந்தது குரல். நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கால்கள் மடங்கியிருந்தன. துணியிலிருந்து பெட்டிப் பலகைக்குச் சிவப்பு வழிந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன், மெத்தென்று இருந்தது. பிசைந்து கெட்டிப்படுத்த ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் வண்டி ஓடவில்லை.

“ஏன் மாரி மடக்குற? ஒங்க அத்தையைத்தான் எறக்கிவிட்டாச்சே. இப்ப யாரு இருக்கா?”

“நீங்க இருக்கீகல்லா.”

“நானா?”

“படிச்சவுக. ஊசி போடுதவுக. ஒங்க முதுகுக்கு நேரா எப்படிம்மா நீட்டிக்கிட்டுக் கெடக்க?”

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கடிதத்துக்குப் பிரயோஜனம் இல்லை. நாரணாபுரத்துக் கூலிக்காரர் மகளின் முதுகுக்குக் கூட மரியாதை! அப்பா கேட்டிருந்தால் அந்த முதுகுக்கும் சட்டம் போட்டிருப்பார். அதற்குள் பலகையில் இருந்த சிவப்பு கண்ணில் பட்டது.

முதலில் அதட்டிப் பார்த்தேன். “நீட்டுன்னா நீட்டு!” என்றேன். “சரிம்மா” என்று நீட்டினாள். நான் கைப்பிடியைப் பிடித்துத் திரும்பியதும் பின்னால் மெல்ல இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அடுத்து, என்னை அவளுக்குச் சமமாக இறக்கிப் பார்த்தேன்.

“நான் என்ன பெரிய ஆளா? எங்க அம்மா நாரணாபுரத்துல திரி வெட்டுறவதான். எங்க வீட்டுல யாருக்கும் எழுத்துத் தெரியாது.”

“அப்படியா தாயி” என்றாள். “அப்ப எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிச்சிருப்பீக!”

மரியாதை கூடிவிட்டது. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றால் காலைத் தட்டோடு கட்டிவிடலாமா என்று யோசித்தேன். இந்தப் பாதையில் வண்டி சாய்ந்தால் கட்டிப்போட்ட ஆள் என்ன ஆவாள்? ஆளை ஒருபோதும் வண்டியோடு கட்டாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். ஊருக்குத் திரும்பி யாரையாவது கூட்டி வர நேரமில்லை. அவளுக்கு மரியாதையை விடச் சொல்லிக் கேட்பது வீண் என்று அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து பழகியதை, பாதி மயக்கத்தில் இருக்கிறவள் எனக்காக விட்டுவிடுவாளா? ஆனால் அவள் வேலை செய்து பழகியவள். கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டினவள், வேலை என்றால் மறுக்காதவள். பொய் சொன்னேன்.

“மாரி, எனக்கு ஒரு ஒதவி செய்யணும். வண்டி சேத்துல பின்னால இழுக்குது. யாராவது என் முதுகை முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கிட்டே இருந்தாத்தான் கைப்பிடி எனக்கு நிக்கும். இல்லேன்னா ரெண்டு பேரும் ஓடைக்குள்ளதான்.”

“கையால எட்டாதேம்மா.”

“காலு எட்டும்லா. தட்டு மேல காலை வச்சு என் முதுகுல ரெண்டு பாதத்தையும் வச்சு மிதி. மிதிச்சுக்கிட்டே இரு. நீ விட்டா வண்டி சாஞ்சிரும்.”

அவள் சற்று யோசித்தாள். “வேலைன்னா சரிதான்” என்றாள்.

என் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. சேலைக்கும் ரவிக்கைக்கும் மேலாகவே அந்தக் குளிர் தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் என்னைக் காப்பாற்றுகிற அக்கறையோடு பலமாக ஓர் அழுத்து அழுத்தினாள். வாயால் பதில் சொல்ல அவளுக்கு இனித் தெம்பில்லை. முதுகில் அழுத்தம் இருந்தால் உயிர் இருக்கிறது. எனக்கும் அது போதுமானதாக இருந்தது. பொய் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இப்படியே ஓடைக்கு வந்து சேர்ந்தோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் மணல். மணலில் நிறுத்தினால் மூன்று சக்கரமும் புதைந்துவிடும். நாலு ஆள் தூக்காமல் வெளியே வராது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் அக்கரை ஏற வேண்டும். முன்சக்கரம் சரிவில் இறங்கியது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது.

முதுகில் இடது பாதம் விலகியது. அடுத்து வலதும்.

“மாரி!” என்றேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தமும் இன்ஜின் சத்தமும்தான்.

பதில் வராவிட்டால் நிறுத்திப் பார்ப்பது என்ற என் வழக்கத்தை உங்களுக்குச் சொன்னேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. நிறுத்தினால் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துவிடும். ஆனால் உயிரோடு இருந்தாலும் அந்த மணலிலேயே சாவாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னால் கிடப்பது உயிரா உடலா என்று தெரியாமல் முப்பது கெஜ மணலைக் கடந்தேன். என் ஐந்து வருடத்தில் நீளமான பாதை அதுதான். அக்கரை மேட்டில் ஏறி, கெட்டித் தரையில் நிறுத்தி, இறங்கி ஓடினேன்.

மாரித்தாய் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். கால்களை ஒழுங்காக மடக்கி, சேலையால் பாதத்தை மூடியிருந்தாள். உதடு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

“அத்தை நிக்காக.”

நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் முழங்கால்வரை சேறோடு மேட்டில் நின்றுகொண்டிருந்தார். சோளக்காட்டுக் குறுக்குவழியில் மோட்டார் வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். ஓடையில் வண்டி மூக்கு தாழ்ந்தபோது மாரித்தாய்க்கு என் தோளுக்கு மேலே அக்கரை தெரிந்திருக்கிறது. உயிர் போகிற நேரத்திலும் நர்சம்மா முதுகை மிதித்துக்கொண்டு மாமியார் கண்ணில் பட அவளுக்கு மனசில்லை.

மாமியார் என்னைச் சுற்றி வந்தார். என் வெள்ளைச் சேலையின் முதுகில் இரண்டு பாதமும், ஐந்து ஐந்து விரலும், ரத்தமும் சேறுமாகப் பதிந்திருந்தன.

“இது யாரு காலு?” என்றார். மாரித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தான் மிதிக்கச் சொன்னேன். அவ காலு மேல இருக்கணும். எறங்குனா ரத்தம் போகும். அதுக்குத்தான் ஒங்களையும் எறக்குனேன்.”

“இதுக்கா? இதை என்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு வாயி இல்லையா? காலு மேல இருக்கணும்னு சொல்லியிருந்தா என் மடியில வச்சிருப்பேன்லா. ஏளு புள்ளைக காலு கெடந்த மடி. எட்டாவதுக்கு என்ன கேடு?”

சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். “ஏ மாரி, என்னத்துக்குடி மடக்குன? நான் கேட்டேனா?”

“நீங்க பெரியவுக…”

“பெரியவ சொல்லுதேன். நீட்டு.”

நீட்டினாள். அவ்வளவுதான். நான் அரை மணி நேரம் அதட்டியும், என்னைத் தாழ்த்தியும், பொய் சொல்லியும் சாதித்ததை அந்த அம்மாள் ஒரு வார்த்தையில் முடித்தார். இரண்டு கால்களையும் வாரித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மரியாதை இடைஞ்சல் என்று நினைத்து அதை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவள் நான். அதன் கையில் வேலையைக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்த வயிற்றைப் பிசைய வழியெல்லாம் இரண்டு கை தேவைப்பட்டது. என்னிடம் இருந்த இரண்டு கையையும் சேற்றில் இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டி வந்திருக்கிறேன். எப்படிப் பிசைவது என்று காட்டினேன்.

“பந்து மாதிரி கெட்டியா ஆகணும். தளந்தா மறுபடி பிசையணும்.”

“மாவு மாதிரியா?”

“அதேதான்.”

“அதைச் சொல்லுங்க. நாப்பது வருசமாப் பெசையுதேன்.”

தார் ரோடு வந்ததும் வேகம் எடுத்தேன். மாமியாரின் குரல் வழி முழுதும் கேட்டது. மருமகளை, மகனை, சீசனை, கம்பெனியை, மழையை, நடுநடுவே என்னை, ஒவ்வொருவராக எடுத்துத் திட்டிக்கொண்டு வந்தார். தளரும்போது, “நர்சம்மா, மெத்துன்னு ஆகுது!” என்பார். சற்றுக் கழித்து, “ஆயிருச்சு, கெட்டி!” என்பார். டிரைவருக்கு இதைவிட நல்ல ஹாரன் கிடையாது. எதிரே வந்த பஸ் நம் பெட்டியின் எழுத்தைப் பார்த்தோ, உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டோ ரோட்டை விட்டே இறங்கி நின்றது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்ப் பாட்டில் ஏற்றினார்கள். வராந்தா பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கை சேலைத் தலைப்பை மாவு மாதிரி பிசைந்துகொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பிழைத்துக்கொண்டாள் என்றார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

“வழியில வயித்தை விடாமப் பிசைஞ்சு வச்சிருக்கீங்க. அதுதான் காப்பாத்திச்சு. யார் பிசைஞ்சது?” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

சரியான பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா என் வெள்ளைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கும் சான்றிதழை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிக்கு மேலேயே ஆனது. பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம். பெட்டியில் ஒருவரை ஏற்றினால், கிளப்புவதற்கு முன் அவர் யாருக்குக் கூச்சப்படுகிறார் என்று பாருங்கள். வலியை மறைப்பதும், நகர்ந்து உட்காருவதும், விழுந்தாலும் கூப்பிடாமல் இருப்பதும் யாரோ ஒருவருக்காகத்தான். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அது புருஷனாகவோ மாமியாராகவோதான் இருக்கும் என்று அவசரப்பட்டு யாரையும் சேற்றில் இறக்காதீர்கள். வெள்ளைச் சேலை கட்டியிருப்பது யார் என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து, குழந்தைக்கு அம்மை குத்த மாரித்தாயும் மாமியாரும் மருந்தகத்துக்கு வந்தார்கள். மாரித்தாய்க்கு முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தரையில், எனக்கு எதிரே அமர்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு பாதங்களையும் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு விரல் நுனிகூட என் பக்கம் தெரியவில்லை.

“ஏன் மாரி இப்படி முடங்கி உட்காருற? காலை நீட்டி வசதியா உட்காரு” என்றேன்.

“அய்யோ, ஒங்க முன்னாலயா? நல்லாருக்கும்!” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவள் நன்றாகத் தேறிவிட்டாள் என்று பதிவேட்டில் எழுதினேன். அன்றைக்கு நான் அவளை வற்புறுத்தவில்லை.